நீளக்கைச் சேட்டுக்குள் ஒரு வேல்: பச்சை குத்திய காயம் ஒன்றின் பதின்மூன்று நாட்கள்

மட்டக்களப்பில் ஒரு வைத்தியசாலையில், காயத்துக்கு மருந்து கட்டும் அறையில் தாதியாக இருக்கிறேன். சீனி வருத்தக்காரரின் கால் புண், மண்வெட்டி பட்ட வெட்டு, கொதியெண்ணெய் தெறித்தது, கெளுத்தி முள் குத்தியது என்று நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அண்மைக் காலமாகப் பச்சை குத்திய இடம் பழுதாகி வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவருடைய கதை இது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன்.

வந்த நாள்

ஆடி அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள். கச்சான் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் சட்டையை விசிறிக்கொண்டு நிற்க, 23 வயதுப் பொடியன் ஒருவர் மட்டும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட நீளக்கைச் சேட்டோடு, இடது கையை வயிற்றோடு அணைத்தபடி நின்றார். மேசனிடம் உதவியாளாக வேலை செய்கிறவர். நகக்கண்ணில் சீமெந்து.

"என்ன தம்பி நடந்தது?"

"முள்ளுக்கம்பி கிழிச்சிட்டு மிஸ்."

சேட்டின் கை தோலோடு ஒட்டியிருந்தது. சேலைனை ஊற்றி ஊற்றி நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். பத்து நிமிடம் எடுத்தது. துணி விலகியதும் முன்னங்கையின் உட்பக்கத்தில் ஒரு வேல் தெரிந்தது. ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளம், கறுப்புக் கோடு, இலைப் பகுதிக்கு நிழல் போட்டு, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. வரைந்த கை நல்ல கைதான், கோடு எங்கும் நடுங்கவில்லை. ஆனால் நிழல் போட்ட இடமெல்லாம் மஞ்சள் பொருக்கு, அதற்கு நடுவே ஊசிமுனை அளவில் சீழ்ப் புள்ளிகள். வேலுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து, பளபளத்து, புறங்கையை வைத்துப் பார்த்தால் சுட்டது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் 38.4 பாகை செல்சியஸ்.

பேனை எடுத்து, சிவப்பு முடிகிற எல்லையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் நோய் பரவுகிறது, உள்ளே சுருங்கினால் மருந்து கேட்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலும் செய்யக்கூடியது இது.

"இது கம்பி இல்லையே தம்பி" என்றேன்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "அப்பாக்குத் தெரியாது மிஸ்."

இந்த மூன்று சொல்லுக்குள்தான் முழு நிகழ்வும் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பன்னிரண்டு நாளும் நடந்தது

மாமாங்கேஸ்வரர் கோயில் கொடியேறி இரண்டாம் திருவிழாவன்று பச்சை குத்தியிருக்கிறார். குத்தியவர் கையுறை போட்டாராம், ஊசியைக் கண்முன்னே உறை பிரித்துத்தான் எடுத்தாராம். முடிந்ததும், உணவு சுற்றுகிற மெல்லிய பொலித்தீனால் கையைச் சுற்றி, "ரெண்டு மூணு மணித்தியாலத்தில கழட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவு, கிறீம் கொஞ்சமாப் பூசு, ஊற விடாத" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். சொன்னதில் பிழையில்லை. சொன்னதைச் செய்ய இந்தத் தம்பிக்கு ஓர் இடம் இருக்கவில்லை. அவர்கள் வீட்டில் கிணறு திறந்த முற்றத்தில். குளிக்கப் போனால் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் திண்ணையில் இருக்கும் அப்பாவுக்கும் கை தெரியும். அதனால் பொலித்தீன் அடுத்த நாள் பின்னேரம் வரை கையிலேயே கிடந்தது. வேலைத்தளத்தில் எல்லோரும் போன பிறகு, தண்ணீர் பீப்பாவுக்குப் பின்னால் நின்று கழற்றியிருக்கிறார். "உள்ளுக்குத் தண்ணி கட்டி, கறுப்பாக் கொளகொளவெண்டு இருந்திச்சு மிஸ். மணத்திச்சு."

ஊசி தோலுக்குள் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்கு, ஆயிரக்கணக்கான முறை போய்வருகிறது. அந்தத் துளைகளிலிருந்து முதல் நாள் முழுக்க நிணநீரும் கொஞ்சம் இரத்தமும் மிச்ச மையும் கசியும். காற்றுப் போகாத பொலித்தீனுக்குள் அது வியர்வையோடு சேர்ந்து தேங்கினால், கிருமிக்கு அதைவிட நல்ல சோறு கிடையாது. சில இடங்களில் நாட்கணக்கில் விடச் சொல்லி ஒட்டுகிற மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டர் ஒன்று உண்டு. அது காயத்துக்கென்றே செய்தது, நீராவியை வெளியே விடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பொலித்தீனையும் நாட்கணக்கில் விடலாம் என்று பலர் நம்புகிறார்கள்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் இரவில், எல்லோரும் படுத்த பின் போர்வைக்குள் இருந்து பெற்றோலியம் ஜெலி பூசியிருக்கிறார். கழுவவில்லை, பூசினார். பகல் முழுக்கப் படிந்த சீமெந்துத் தூசுக்கு மேல், வியர்வைக்கு மேல், முந்தின நாள் ஜெலிக்கு மேல் இன்னொரு படை. ஈரச் சீமெந்து கடுமையான காரம் உள்ளது, நல்ல தோலையே வெடிக்க வைக்கும். நீளக்கைச் சேட் காயத்தைக் காக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். அந்தச் சேட்டுக் கை சீமெந்தைத் தேக்கி வைத்துக் காயத்தில் நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் தோல் உரியத் தொடங்கிக் கடி எடுத்தது. இது எல்லோருக்கும் வருவது. மேல்தோல் புதிதாக வளரும்போது பழையது மையோடு சேர்ந்து மெல்லிய செதிலாக உதிரும், கடிக்கும், கீழே தெரிகிற தோல் சில நாள் பால் படிந்ததுபோல மங்கலாக இருக்கும். உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். இவர் சேட்டுக்கு மேலால் சொறிந்திருக்கிறார். பொருக்கு ஒன்று துணியோடு வந்தது, கீழே இரத்தம்.

எட்டாம் நாள் தீர்த்தம்.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்து மாமாங்கத் தீர்த்தத்தில் ஆடுவது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய விடயம் என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவருடைய அப்பா தன் அப்பாவுக்காக ஒவ்வொரு வருடமும் போவார், மகனும் கூடப் போவது வழக்கம். "நான் வரேல்ல எண்டு எப்பிடிச் சொல்லுறது மிஸ்? ஏன் எண்டு கேப்பாரே." சேட்டோடேயே இறங்கி மூன்று முறை முழுகியிருக்கிறார். ஈரச் சேட் உடம்பிலேயே காய்ந்திருக்கிறது.

பத்தாம் நாள் இரவு கை தெறிக்கிற வலி. மறுநாள் ஒரு பாமசிக்குப் போனார். அங்கும் முள்ளுக்கம்பிதான். சேட்டைக் கழற்றவில்லை, ஓரத்தை மட்டும் காட்டினார். கிருமிக்கும் பங்கசுக்கும் ஸ்டீரொயிட்டும் சேர்த்துக் கலந்த கிறீம் ஒன்று கிடைத்தது. பூசிய முதல் நாள் சிவப்புக் குறைந்தது, ஆறுகிறது என்று நம்பினார். உண்மையில் ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அடக்கும், அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கும். வெளியே அமைதி, உள்ளே கிருமி பெருக்கம். பதின்மூன்றாம் நாள் காலை காய்ச்சலோடு எங்களிடம் வந்தார்.

தீர்த்தக் குளமா காரணம்?

இதைக் கேட்காத ஆள் இல்லை. சக தாதிகள் கேட்டார்கள், டொக்டர் கேட்டார், பிறகு அவருடைய அப்பாவும் கேட்டார். ஆகவே இதில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்த முடிவு ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், குளொக்சசிலின் என்ற கிருமி கொல்லி மருந்துக்குக் கேட்கிற வகை. இது குளத்துக்கென்று உரிய கிருமி அல்ல. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் எப்போதும் குடியிருப்பது. அவருடைய சொந்த விரலிலிருந்தோ, சேட்டிலிருந்தோ, ஜெலி டப்பாவுக்குள் தினமும் விட்டெடுத்த நகத்திலிருந்தோ வந்திருக்கலாம். தீர்த்தம் செய்தது வேறு. எட்டு நாளில் அரைகுறையாக மூடியிருந்த பொருக்குகளை நீர் ஊற வைத்து இளக்கியது, ஈரத் துணி மணிக்கணக்கில் மேலே கிடந்தது, காயம் திரும்பத் திறந்தது. வீட்டுக் கிணற்றுத் தொட்டியில் அரை மணித்தியாலம் கையை ஊற வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். புண்ணிய தீர்த்தத்தைக் குற்றம் சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை, புண்ணிய தீர்த்தம் என்பதால் ஒன்றும் செய்யாது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் இறங்கும் எந்த நீரிலும் திறந்த காயத்தோடு இறங்கக் கூடாது.

வாவியும் கடலும் இதைவிடக் கவனம் வேண்டியவை. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழ்கிற விப்ரியோ வல்னிபிகஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அமெரிக்காவில் காலில் பச்சை குத்தி ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் குளித்த 31 வயது ஆண் ஒருவரின் கதை 2017இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. அவருக்குக் குடியால் ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. ஈரல் நோய், சீனி வருத்தம் உள்ளவர்களை நான் இதைச் சொல்லித்தான் எச்சரிக்கிறேன். தோணியில் போய் வலை இழுக்கிறவர், இறால் பண்ணையில் நீரில் நிற்கிறவர், கல்லடிக் கடலில் பொழுதுபட்டால் குளிக்கிறவர் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பச்சை குத்துவதென்றால் மூன்று நான்கு கிழமை நீரில் இறங்காமல் இருக்கக்கூடிய காலம் பார்த்துக் குத்துங்கள். ஆடி அமாவாசைக்கு எட்டு நாள் முன்பு அதற்கு உகந்த காலம் இல்லை.

சிகிச்சையும் எங்கள் பிழையும்

காய்ச்சலும் நெறிக்கட்டும் இருந்ததால் வார்ட்டில் சேர்த்து நாளத்தால் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டொக்டர். தம்பி எழும்பி நின்றுவிட்டார். "குளிசை தாங்க மிஸ், நான் போறன்." வார்ட் என்றால் வீட்டுக்குத் தெரியும். அவரைக் கதிரையில் இருத்தி, வீட்டில் ஒரே ஓர் ஆளுக்குச் சொல்லலாம் என்றால் யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்து, போனை எடுத்து அம்மாவை அழைத்தார்.

அம்மா ஓட்டோ பிடித்து அரை மணித்தியாலத்தில் வந்தா. கையைப் பார்த்தா, மகனின் முகத்தைப் பார்த்தா. ஏசுவா என்று நானும் எதிர்பார்த்தேன். "மனே, சொல்லியிருந்தா நான் தண்ணி கொதிக்க வச்சு ஆறவச்சுத் தந்திருப்பனே" என்று மட்டும் சொன்னா. பதின்மூன்று நாளும் தேவைப்பட்டது அந்த ஒரு குடம் தண்ணீர்தான்.

இரண்டு நாள் ஊசி, பிறகு குளிசை, மொத்தம் பத்து நாள் குளொக்சசிலின். இரண்டாம் நாளே சிவப்பு, பேனைக் கோட்டுக்கு உள்ளே சுருங்கத் தொடங்கியது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டா, சீனி எவ்வளவு, ஏற்பூசி (ரெற்றனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டது என்பதையெல்லாம் முதலே பார்த்துவிட்டோம். இன்னொன்றையும் கேட்டேன்: ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசி. இலங்கையில் குழந்தைகளுக்கு அது 2003இலிருந்துதான் வழமையான தடுப்பூசிகளோடு சேர்ந்தது. இவர் அதற்கு முன் பிறந்தவர், போட்டிருக்கவில்லை. ஊசி புதிது என்றாலும், மை ஊற்றிய கிண்ணமும் பூசித் துடைத்த துணியும் புதிதா என்பது யாருக்கும் தெரியாது. இரத்தம் எடுத்து ஹெபடைற்றிஸ் பி, சி இரண்டையும் பார்த்து, முதல் தடுப்பூசியையும் போட்டோம். இந்தக் கிருமிகள் இரத்தத்தில் தெரியவர வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும் என்பதால் திரும்பவும் பார்க்க நாள் குறித்தோம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் எழுத வேண்டும். முதல் நாள் அவசரத்தில் உலர்ந்த கோஸ் துணியை நேரே காயத்தில் வைத்துக் கட்டிவிட்டோம். மறுநாள் அவிழ்த்தபோது அது ஒட்டியிருந்தது. நனைத்துத்தான் எடுத்தேன், ஆனாலும் பொருக்கோடு சேர்ந்து வந்தது. துணியில் வேலின் நிழல் மங்கலாகப் பதிந்திருந்தது. வலியில் கத்தாத பொடியன் அதைக் கண்டதும்தான் கலங்கினார். "வேல் அழிஞ்சிடுமா மிஸ்?"

துணியைத் திருப்பி அவரிடமே காட்டி விளங்கப்படுத்தினேன். வந்தது மேல்தோலில் தங்கிய மை. எப்படியும் உதிர வேண்டியது. நிலைக்கிற மை அதற்குக் கீழே இருக்கிறது. அங்கே உடம்பின் துப்புரவுக் கலங்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்ளும். சிறு துணிக்கையென்றால் கடத்திவிடும், இது பெரிதென்பதால் கரைக்கவும் முடியாமல் கடத்தவும் முடியாமல் வைத்திருக்கும். அந்தக் கலம் செத்தால் பக்கத்தில் புதிதாக வருகிற கலம் அதே மையை எடுத்துக்கொள்ளும். பச்சை ஆயுளுக்கும் அழியாமல் இருப்பது அதனால்தான். சீழ் ஆழமாகப் போன இடத்தில் மட்டும் மை போகலாம், எவ்வளவு போகும் என்பது ஆறிய பிறகுதான் தெரியும் என்றேன். அன்றிலிருந்து பரஃபின் தோய்த்த வலைத்துணியை அடியில் வைத்துக் கட்டினோம். பிறகு ஒட்டவில்லை.

கழுவக் கற்றுக்கொண்டது

வார்ட்டிலிருந்து போகும் நாள் அம்மாவையும் மகனையும் தொட்டியடியில் நிறுத்திச் செய்து காட்டினேன். முதலில் கை. நகக்கண்ணுக்குள்ளும் சேர்த்துக் கழுவ வேண்டும், காயம் அதற்குப் பிறகுதான். மணமில்லாத சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைத்து, நுரையை மட்டும் விரல்நுனியால் காயத்தின் மேல் வட்டமாக விட வேண்டும். தும்பும் வேண்டாம், துணியும் வேண்டாம். கொதித்து ஆறிய நீரைக் குவளையால் மேலிருந்து வார்க்க வேண்டும், கையைப் பாத்திரத்துக்குள் விடக் கூடாது. குளித்த துவாயால் துடைக்காமல் சுத்தமான ரிசுவால் ஒற்ற வேண்டும். ஒற்றிய பின் பத்து நிமிடம் காற்றில் விட்டு, அதற்குப் பிறகு கிறீம். தடவியது தெரியாத அளவுக்குத்தான் தடவ வேண்டும், மினுங்கினால் அளவு கூடிவிட்டது. காலையும் மாலையும் இதுதான்.

அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடவா என்று கேட்டா. மஞ்சளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, என் வீட்டிலும் அதுதான் மருந்து. ஆனால் அம்மியில் அரைத்தது எதுவும் திறந்த தோலுக்குள் போகக் கூடாது, அம்மியில் என்னென்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும். தேங்காயெண்ணெயும் அப்படியே, தோல் முழுதாக மூடிய பிறகு பார்ப்போம் என்றேன். ஒத்துக்கொண்டா. ஒவ்வொரு நாளும் தண்ணீர் கொதிக்க வைத்து மூடி வைத்தது அவதான்.

வேலைக்கு மூன்று கிழமை போகவில்லை. அந்தக் கூலி வீட்டுக்குப் பெரிய இழப்பு.

மூன்றாம் முறை கட்டு மாற்ற அப்பா கூட வந்தார். கதவடியில் நின்றார், உள்ளே வரவில்லை. நான் துணியை எடுத்ததும் எட்டிப் பார்த்து, "முருகன்ர வேலா?" என்றார். மகன் தலையாட்டினார். "தீர்த்தத்துக்கு இறங்க வேணாம் எண்டு நான் சொல்லியிருப்பன் தானே" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாங்கில் உட்கார்ந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

நான் கண்டது

பொலித்தீன், கழுவாதது, சீமெந்து, சொறிந்தது, தீர்த்தம், தவறான கிறீம் என்று ஆறு பிழையை இந்த நிகழ்வில் எண்ணலாம். எண்ணியும் பார்த்தேன். ஆறும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. சேட்டை மடிக்க முடியாததால் கழுவ முடியவில்லை, தீர்த்தத்துக்கு வரவில்லை என்று சொல்ல முடியவில்லை, பாமசியில் காயத்தைக் காட்ட முடியவில்லை. பச்சை குத்தியவர் சொன்ன பராமரிப்பு முறையில் வீடு என்ற ஒன்று இருக்கவில்லை.

இதே மறைப்பை வேறு உருவத்தில் அம்பாறைப் பக்கம் இருந்தும் கண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் கறுப்பு மருதோன்றி போட்டு, கை முழுக்கக் கொப்புளத்தோடு வந்த பிள்ளை, மாமியார் மனம் நோகும் என்று நான்கு நாள் முந்தானைக்குள் வைத்திருந்தது. இலையிலிருந்து வருகிற மருதோன்றி செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும், அதற்கும் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சட்டெனக் கரிக்கறுப்பாகப் பிடித்தால் அதில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கிற பீ.பீ.டி. என்ற இரசாயனம் இருக்கிறது. ஒருமுறை அதற்குத் தோலில் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு தலைக்குச் சாயம் பூசும்போதும் முகம் வீங்கும்.

என் அறையில் ஒன்றை மாற்றிவிட்டேன். நீளக்கைச் சேட்டோடு வருகிற பொடியனிடம் என்ன நடந்தது என்று இப்போது எல்லோருக்கும் முன்னால் கேட்பதில்லை. திரையை இழுத்துவிட்டுக் கேட்கிறேன்.

ஆறாம் கிழமை தோல் முழுதாக மூடியது. வேலின் இலையில் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றியளவு, மை போய்ப் பழுப்புத் தழும்பு விழுந்திருந்தது. உள்தோல் இறுக இன்னும் நாள் வேண்டும், மூன்று மாதத்துக்கு முன் திரும்பக் குத்தக் கூடாது என்று சொன்னோம். வெயிலில் போகும்போது மூடவும், முகடில்லாத இடத்தில் வேலை என்றால் வெயில் தடுப்புக் கிறீம் பூசவும் சொன்னேன். மூன்றாம் மாத இரத்தப் பரிசோதனையிலும் ஆறாம் மாதத்திலும் ஹெபடைற்றிஸ் இரண்டும் இல்லை. மூன்றாவது தடுப்பூசிக்கு அரைக்கைச் சேட்டோடு வந்திருந்தார்.

சிவப்புப் பொட்டு மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது, வெயிலில் நின்றால் கடிக்கிறதாம். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வரும், அது மாதங்கள் கழித்தும் வரலாம். விரலால் தடவிப் பார்த்தேன், கறுப்புக் கோடு தோலோடு தோலாக இருக்கிறது, பொட்டு மட்டும் மேலே நிற்கிறது. தோல் வைத்தியரின் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வருகிற மாதம் போகிறார், அப்பாவும் கூட வருகிறாராம்.